அப்பா கூட்டிய மூன்று வயது

இருபத்தாறு வயதில் நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பம் போட நினைத்தேன். எங்கள் லயத்தில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், அது பாதி ஆயுள் முடிந்தவளுக்கு வந்த கிறுக்காகத்தான் பட்டது. என் வயதுப் பெண்கள் மூன்று நான்கு பிள்ளை பெற்று, மூத்ததை அரைப் பேருக்கு, அதாவது சிறுபிள்ளைகளுக்குக் கொடுக்கும் அரைநாள் வேலைக்கு, எப்போது அனுப்பலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானோ கல்யாணமும் கட்டாமல் எட்டு வருஷமாகத் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் இருந்தேன். கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் காலையில் கொண்டுவந்து விடும் குழந்தைகளை மாலைவரை பார்த்துக்கொள்வது என் வேலை. மழையில் நனையாத வேலை. அதை விட்டுவிட்டு மறுபடி படிக்கப் போகிறவளை யார் புத்திசாலி என்பார்கள்?

எனக்குத் திமிர் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தோட்டத்திலிருந்து றத்தோட்டைக்கு இறங்கி, பஸ் பிடித்து மாத்தளைக்குப் போய், பத்தாம் வகுப்புவரை படித்தேன். சம்பள நாளில் எல்லோரும் பெருவிரலை மையில் தோய்த்துக்கொண்டு நிற்கும்போது நான் பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போடுவேன். பெயரை முழுதாக எழுதுவேன், பின்னால் நிற்பவர்கள் காத்திருக்கட்டும் என்று.

அந்தத் திமிர் ஒரு நாளில் உடைந்தது. மடுவத்தில் பதினொரு மாதக் குழந்தை ஒன்றுக்கு விடிந்ததிலிருந்து வயிற்றாலே போனது. தாய் மேல்மலையில் நின்றாள். வயிற்றாலே போகும்போது தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்பது எங்கள் லயத்தில் எல்லோரும் நம்பியது. நானும் நம்பினேன். குழந்தை தண்ணீர்ச் செம்பைப் பார்த்துப் பார்த்து அழுதது. நான் செம்பை எடுத்து மறைத்து வைத்தேன். கொழுந்து நிறுத்து முடிந்துதான் லொறி கிடைத்தது. டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது குழந்தைக்கு அழக் கண்ணீர் இல்லை.

வார்டில் இருந்த நர்ஸ் சிங்களத்தில் கேட்டார். தாய்க்குச் சிங்களம் தெரியாது. நான்தான் இரண்டு பக்கமும் சொன்னேன். எத்தனை தடவை போனது, எப்போது தொடங்கியது, குடிக்க என்ன கொடுத்தீர்கள். கடைசிக் கேள்விக்கு, ஒன்றும் கொடுக்கவில்லை என்று சொன்னேன். நர்ஸ் என்னை ஒரு தரம் பார்த்தார். திட்டவில்லை. “தண்ணீர்தானே கொடுத்திருக்க வேண்டும்” என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். சாயங்காலத்துக்குள் குழந்தை போய்விட்டது.

அந்தச் சொல்லை நான் தாய்க்கு மொழிபெயர்க்கவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

பத்தாம் வகுப்புப் படித்த நானும், பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத பெண்களும் ஒரே பிழையைத்தான் செய்கிறோம் என்றால் நான் படித்தது எதற்கு? அதற்குப் பிறகு பத்திரிகையில் நர்ஸ் பயிற்சிக்கு ஆள் எடுக்கும் அறிவித்தல் வந்தது. தோட்டத்து மருந்துக் காம்பராவில் மருந்து கொடுக்கும் ஐயா அதை வெட்டிக் கொடுத்தார். நான் அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு ஒரு வாரம் திரிந்தேன்.

போனால் என்ன போகும் என்று யோசித்தேன். மூன்று வருஷம் கண்டியில் விடுதியில் இருக்க வேண்டும், அதுவரை கல்யாணம் கட்டக்கூடாது. அது எனக்குப் பாரமில்லை. வந்த மாப்பிள்ளைகளைத்தான் கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் என்று தட்டிக்கழித்திருந்தேனே. மடுவத்து வேலை போனால் திரும்பக் கிடைக்காது. படித்து முடித்தால் எந்த ஊருக்கு அனுப்புகிறார்களோ அங்கே போக வேண்டும். அம்மாவுக்கு இழுப்பு. ஆனால் தம்பி ஸ்டோரில், தேயிலை அரைக்கும் இடத்தில், வேலை செய்தான். அவன் பெயரில் காம்பரா, நாங்கள் இருக்கும் லயத்து அறை, நிற்கும். அம்மா தன் தோட்டைக் கழற்றித் தர ஒத்துக்கொண்டாள், அதில் பெட்டியும் சப்பாத்தும் வாங்கலாம். எல்லாம் தாங்கக்கூடிய நட்டமாகவே தெரிந்தது.

விண்ணப்பத்தில் வயது எல்லை இருபத்தெட்டு. எனக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. எங்களிடம் இருந்த ஒரே ஆதாரம் அப்பா எடுத்துவைத்த பிரஜாவுரிமைப் பத்திரம். அது லயத்தில் எங்கள் வீட்டோடு சேர்த்து மூன்றே வீடுகளில் இருந்தது. மற்றவர்கள் இந்தியாவுக்கா இலங்கைக்கா என்று தெரியாமல் படிவம் நிரப்பிக்கொண்டிருந்த காலம் அது. அப்பா செத்த பிறகு அம்மா அதைத் துணியில் சுற்றி அரிசிப் பெட்டியின் அடியில் வைத்திருந்தாள். நான் அதை எடுத்து முதல் தடவையாக ஒழுங்காக வாசித்தேன். அதன்படி எனக்கு வயது இருபத்தொன்பது.

“என்னம்மா இது? மூணு வயசு கூட இருக்கே?”

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள். “ஒங்கப்பாதான் கூட்டிச் சொன்னாங்க. பத்து வயசுப் புள்ளைய பேர் பதிய மாட்டேன்னாரு பெரிய கங்காணி. பதிமூணுன்னு சொல்லிப் பதிஞ்சாங்க. பேர் இருந்தாத்தானே அரிசி.”

“அத அப்படியே பத்திரத்துலயும் எழுதிட்டாரா?”

“செக்ரோல பாத்துத்தானே கிளாக்கரையா எழுதினாரு. ரெண்டுலயும் வேற வேற இருந்தா சும்மா விடுவாங்களா?”

செக்ரோல் என்ற தோட்டத்து ஆள்பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் அரிசி கிடைக்கும். சனிக்கிழமையும் பள்ளிக்கூட லீவிலும் நான் அரைப் பேருக்குக் கொழுந்து எடுத்தது ஞாபகம் இருந்தது. அந்த அரிசியைத் தின்றுதான் மற்ற நாட்களில் பள்ளிக்கூடம் போனேன் என்பது தெரியாமல் இருந்தது.

தம்பி வேலை முடிந்து வந்தான். விஷயத்தைச் சொன்னேன். வயதைத் திருத்தப் போகிறேன் என்றேன்.

“அக்கா, அந்தக் கடதாசியில கை வைக்காத.”

“என் வயசத்தானேடா திருத்துறேன்.”

“ஒன் வயசு மட்டும் தனியாவா இருக்கு? அம்மா பேரு, என் பேரு எல்லாம் அந்த ஒரு கடதாசியிலதான் இருக்கு. ஒன்ன சோதிச்சா எங்களையும் சோதிப்பாங்க. ஒனக்கு வெள்ளச் சப்பாத்துப் போடணும், அதுக்கு நாங்க இந்தியாவுக்குக் கப்பலேறணுமா?”

“படிக்காதவன் பயம் அப்படித்தான் இருக்கும்” என்றேன். அவன் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான். அந்தச் சொல்லைத் திரும்பப் பெற முடிந்தால் பெற்றிருப்பேன்.

அடுத்த புதன்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு மாத்தளைக்குப் போனேன். மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரிக்குப் பக்கத்தில் டைப்ரைட்டரை மேசையில் வைத்துக்கொண்டு பெட்டிசமும் மனுவும் எழுதும் முஸ்லிம் மனிதர் ஒருவர் இருந்தார். ஊரில் எல்லோருக்கும் அவர் நானா. நான் நின்றபடி சுருக்கமாகச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

“தன் வயசக் குறைச்சுச் சொல்ற பொம்புளைங்களத்தான் நான் பார்த்திருக்கேன். வாப்பா வயசக் கூட்டி, மகள் குறைக்க வந்தது இதுதான் முதல் தடவ” என்று சிரித்தார். “செய்யலாம் புள்ள. ஒங்க உம்மா ஒரு சத்தியக் கடதாசி கொடுக்கணும். அத வச்சு உத்தேச வயசுச் சான்றிதழ் எடுக்கலாம்.”

கடதாசியை உருட்டி ஏற்றினார். அம்மாவின் பெயர், அப்பாவின் பெயர், தோட்டத்தின் பெயர் எல்லாம் கேட்டு அடித்தார். அம்மா ஒவ்வொன்றுக்கும் எழுந்து நிற்பதுபோல் உடம்பை நிமிர்த்திப் பதில் சொன்னாள்.

“சரி. புள்ள பொறந்த இடம்?”

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“தோட்டத்து லயத்திலயா, ஆஸ்பத்திரியிலயா? மருத்துவிச்சி யாரு? உயிரோட இருந்தா அவவும் ஒப்பம் வைக்கலாம்.”

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் எரிச்சலோடு, “சொல்லுங்களேம்மா, நம்ம லயத்துலதானே?” என்றேன்.

“தலப்பெரசவம் இல்லையா” என்றாள் அம்மா, மிக மெதுவாக. “எங்கம்மா வூட்டுக்குத்தான் போனேன்.”

அம்மாவின் அம்மா வீடு திருச்சிப் பக்கம். கடலுக்கு அந்தப் பக்கம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது எங்கள் சனத்தின் வழக்கம், கப்பல் ஏறிப் போக வேண்டியிருந்தாலும் போவார்கள். அம்மாவும் போய் என்னைப் பெற்று, சீக்கில் விழுந்து, என்னைத் தூக்கிக்கொண்டு திரும்பி வர ஒன்றரை வருஷம் ஆகியிருக்கிறது. பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்தபோது கேட்ட முதல் கேள்வியே, இடையில் நாட்டைவிட்டுப் போய்த் தங்காமல் குடும்பம் இங்கேயே இருந்ததா என்பதுதான். இருந்தது என்று அப்பா சொல்லியிருக்கிறார். நான் இந்த மலையிலேயே பிறந்ததாகவும் எழுதவைத்திருக்கிறார். அது பொய் என்று தெரிந்தால் எங்கள் எல்லோரின் பிரஜாவுரிமையும் போகும்.

நானா டைப்ரைட்டரிலிருந்து கையை எடுத்தார். சுற்றிப் பார்த்தார். அடுத்த மேசைக்காரர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

“புள்ள” என்றார் என்னிடம், குரலைத் தாழ்த்தி. “நான் ஒண்டும் கேக்கல்ல, ஒங்க உம்மா ஒண்டும் சொல்லல்ல. வேணுமெண்டா தோட்டத்தில பொறந்ததா அடிச்சுத் தாறேன். ஆனா வயசு ரெண்டு மாதிரி இருந்தா, ஒருத்தன் சந்தேகப்பட்டு விசாரிப்பான். விசாரிச்சா மருத்துவிச்சியக் கேப்பான். எங்க போவீங்க?”

“விசாரிக்காம விடவும் கூடும்தானே?” என்று கேட்டேன்.

“விடவும் கூடும். ஒங்கட அதிர்ஷ்டம். ஒங்க உம்மாட அதிர்ஷ்டமும்.”

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். “நீ சொல்லு, நான் கைய வைக்கிறேன்” என்றாள். “ஒனக்காக வைக்கிறேன்.” பெருவிரலை நீட்டியும் விட்டாள். மைப்பெட்டி திறந்தபடி இருந்தது. எனக்கு அப்போது அவள்மேல் இரக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. ஒரு பிரசவத்துக்காகக் கடல் தாண்டிப் போனவள்மீது, மூன்று படி அரிசிக்காக வயதைக் கூட்டிய அப்பாமீது, அந்த அரிசியைத் தின்று வளர்ந்த என்மீதும்தான். பிறகு டைப்ரைட்டரில் பாதி அடித்திருந்த கடதாசியை நானே உருவி எடுத்தேன்.

“வேணாம் நானா.”

அவர் கூலி வாங்க மறுத்துவிட்டார். அம்மா விட்ட மூச்சு எனக்குக் கேட்டது. அவள் முகத்தில் ஒரு நிம்மதி பரவியது. அவளால் அதை மறைக்க முடியவில்லை. எனக்காகக் கைநாட்டு வைக்கத் துணிந்தவள்தான், அது தெரியும். ஆனாலும் அந்த நிம்மதியை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

விண்ணப்பத்தின் கடைசி நாள் மடுவத்தில் இருபத்திரண்டு குழந்தைகளோடு கழிந்தது. தம்பியிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை, பிறந்த இடத்தைப் பற்றி அவனுக்கு இன்றும் தெரியாது. ஊர்தான் விடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பீலிக்கரையில், தண்ணீர் பிடிக்கப் பெண்கள் கூடியிருந்த இடத்தில், மேல்லயத்து அக்கா ஒருத்தி எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

“என்னாங்க நர்சம்மா, கண்டிக்குப் போகலையா? பொட்டியெல்லாம் வாங்கப் போறதாச் சொன்னாங்க?”

உண்மையைச் சொல்ல முடியாது. வயது கூடிவிட்டது, எடுக்கமாட்டார்கள் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. தலையை நிமிர்த்திக்கொண்டு, “கண்டவங்க பீச்சட்டியத் தூக்கவா நான் பத்தாவது படிச்சேன்? எனக்கு அந்த வேல வேணாம்னுட்டேன்” என்றேன்.

“அடியே, இங்க மட்டும் என்ன பன்னீரா தூக்குற?” என்றாள் அவள்.

பீலிக்கரையே சிரித்தது. அம்மா குடத்தைப் பீலிக்கு அடியில் பிடித்தபடி குனிந்து நின்றாள். குடம் நிறைந்து வழிந்தும் அவள் நிமிரவில்லை. சிரித்தவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.