கொண்டையில் செருகிய திருநீற்றுப் பச்சிலை

திருநீற்றுப் பச்சிலையை நான் தலையில் வைக்க ஆரம்பித்தது பக்தியால் அல்ல, தலைவலியால். எண்பதுகளின் நடுவில் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிக் கொட்டகை ஒன்றில் வேலை பார்த்தேன். எனக்கு இருபத்தேழு வயது. கணவர் மஞ்சள் காமாலையில் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. காதில் விடாமல் தறிச் சத்தம், மூக்கில் பஞ்சுத் தூசி. மத்தியானம் ஆனால் நெற்றிப்பொட்டு இரண்டும் தெறிக்கும். பக்கத்துத் தறி அக்கா ஒரு நாள், ஓடைக்கரையில் தானாக முளைத்துக் கிடந்த செடியிலிருந்து ஒரு கொப்பை ஒடித்து வந்து, கசக்கி மோந்து பார் என்றார். கிராம்பும் சோம்பும் கலந்த மாதிரி ஒரு வாசனை மண்டை வரைக்கும் ஏறியது. வலி போனதா என்று கேட்டால், பாதி போனது என்றுதான் சொல்வேன். ஆனால் அந்த வாசனையை விட மனசு வரவில்லை. இரண்டு கையும் தறியில் இருக்கும்போது வேறு எங்கே வைத்துக்கொள்வது? கொண்டையில் செருகிக்கொண்டேன்.

அந்தச் செடியை யாரும் நட்டதில்லை, ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றியதில்லை. ஆனால் எல்லாருக்கும் அது வேண்டும். என் மகளுக்குக் காது குத்தல் எடுத்தால் இலையை வாட்டிப் பிழிந்து இரண்டு சொட்டு விடுவேன். எங்கள் தெருக் குமரிகள் முகப்பருவுக்கு அரைத்துப் பூசுவார்கள். சித்திரை வெயிலுக்கு விதையை ஊறவைத்துச் சர்க்கரை போட்டுக் குடிக்காத வீடு இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பூக்கடைகளில் கதம்பத்துக்கு நடுநடுவே வைத்துக் கட்டுவதும் அதைத்தான். இத்தனை பேருக்கு ஆகிற செடி, என் தலையில் ஏறியபோது மட்டும் ஊருக்கு வயிறு எரிந்தது.

தாலி அறுத்தவள் பூ வைக்கலாமா என்று கொட்டகை வாசலிலேயே கேட்டார்கள். இது பூ இல்லை, இலை என்றேன். சந்தேகம் இருந்தால் கொண்டுபோய் ரசத்தில் போட்டுப் பாருங்கள் என்றும் சொன்னேன். கேட்டவர்கள் அவரவர் தறிக்குப் போய்விட்டார்கள். அந்தப் பதில் எனக்கே ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. மூன்று வருடம் அதை வைத்தே ஓட்டினேன்.

ஆனால் விசேஷ வீடுகளில் அந்தப் பதில் செல்லவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் என் கணவரின் அக்கா வீட்டில் எந்த நல்ல காரியம் நடந்தாலும், எனக்கு என்று ஒதுக்கிய இடம் பின்கட்டு அடுப்படி. மதினி கெட்டவர் இல்லை. தம்பி படுக்கையில் கிடந்தபோது என்னோடு மாறி மாறிக் கண்விழித்தவர். இருந்தும் முன்வீட்டுக்கு நான் ஆகாது. அவர் மகளுக்கு நிச்சயம் பண்ணினார்கள். அந்தப் பிள்ளைக்கு முதன்முதலில் சடை பின்னிவிட்டவளே நான்தான். பஸ்ஸில் போகும்போதே முடிவு பண்ணிவிட்டேன், இந்தத் தடவை தட்டு மாற்றுவதை முன்வீட்டில் உட்கார்ந்துதான் பார்ப்பது என்று.

போனேன். விரித்திருந்த ஜமுக்காளத்தில், பெண்கள் வரிசையில் முன்னாடியே உட்கார்ந்தேன். மாப்பிள்ளை வீட்டார் வந்து அமர்ந்ததும் மதினி என் பக்கம் குனிந்தார்.

"ஏட்டி, செத்த நேரம் அடுப்படியில இரு. அவிய தட்டு மாத்துன பொறவு வா."

நான் இங்கேதான் இருக்கப் போறேன் என்றேன். அவர் பார்வை என் கொண்டைக்குப் போனது. தலையில் வேறு இதை வைத்துக்கொண்டு வந்திருக்கிறாயே என்று பல்லைக் கடித்தார். என்னிடம் பதில் தயாராக இருந்தது. இலைதானே மதினி என்றேன்.

அவர் கொப்பை உருவி என் கண்ணுக்கு நேரே நீட்டினார்.

"இலையா? நல்லாப் பாரு. பூத்திருக்கு."

பார்த்தேன். விடிகாலை அவசரத்தில் ஒடித்த கொப்பு. நுனியில் ஒரு சின்னக் கதிர், அதில் எள்ளளவு எள்ளளவாக வெள்ளைப் பூ. எனக்கு முகம் சுட்டது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். நுனியை நகத்தால் கிள்ளிப் போட்டால் வெறும் இலைதான், அதோடு பேச்சு முடிந்துவிடும். கிள்ளு என்று சொல்வது போல மதினி அதை என் மடியில் போட்டார்.

கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. முதலில் மதினி மேல். பிறகு என் மேல். இலை, இலை என்று மூன்று வருடமாகச் சொல்லிச் சொல்லி, பூ எனக்கு ஆகாது என்று நானே அல்லவா ஒத்துக்கொண்டிருந்தேன்?

"ஆமா மதினி, பூதான்" என்றேன்.

கதிரைக் கிள்ளவில்லை. எல்லாரும் பார்க்க, கொப்பை அப்படியே கொண்டையில் திரும்பச் செருகினேன். மதினி தட்டை எடுக்க உள்ளே போனார். தட்டு மாற்றி முடியும்வரை நான் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.