கன்னத்தில் பார்த்த ஈரம்

சுங்கைப் பட்டாணி மரக்கடையில் கைக்குள் அடங்கும் ஒரு கருவியைப் பார்த்தேன். அதன் இரண்டு ஊசிகளைப் பலகையில் குத்தினால், மரத்தில் ஈரம் எவ்வளவு என்று எண் காட்டுகிறது. கடைக்காரருக்கு ஒரே பெருமை. ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் அந்த வேலையைப் பார்த்தது என் கன்னம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

அப்போது பால் வெட்டு நின்றுபோயிருந்தது. நிலக்கரி இல்லாத ரயிலுக்கு ரப்பர் மரங்களை வெட்டி விறகாக அனுப்பினோம். வெட்டும் கும்பலுக்கு என் வீட்டுக்காரர்தான் தலைவர். கோடாரி பிடித்துப் பிடித்து அவர் உள்ளங்கை காய்த்துவிட்டது, ஈரம் உறைக்காது. அதனால் அடுக்கின் நடுவிலிருந்து ஒரு கட்டையை உருவிப் பிளந்து, உள்பக்கத்தை என் கன்னத்தில் வைப்பார். சில்லென்றால் ஈரம். ஒன்றும் தெரியாவிட்டால் காய்ந்தது. அக்கா கன்னம் இன்றைக்கு என்ன சொல்கிறது என்று கும்பலில் கேலி செய்வார்கள். எனக்கு உள்ளூரக் கர்வம்தான்.

ஆனால் அது விளையாட்டுக் காரியமில்லை. ஈர விறகால் ரயில் நடுவழியில் நின்றாலும், குறித்த நாளில் விறகு ஸ்டேஷனுக்குப் போகாவிட்டாலும், தலைவனைச் சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பிவிடுவார்கள். எங்கள் லயத்து வீடுகளிலிருந்து போன ஒருவரும் அதுவரை திரும்பவில்லை.

விறகு அனுப்பக் குறித்த நாள் வந்தது. அன்று காலை தோட்டமெங்கும் பனி. வெட்டுப்பட்ட அடிமரங்கள் அதில் மிதப்பதுபோல் இருந்தன. என் கால் தரையில் படுவதே தெரியவில்லை. நடக்கிறேனா, கனவா என்று புரியாத ஒரு சுகம். பனியின் வேலை என்று நினைத்துக்கொண்டேன். அவர் கட்டையைக் கன்னத்தில் வைத்தார். கிணற்றுத் தண்ணீராகச் சில்லிட்டது. அடுத்ததும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. எல்லாம் ஈரம் என்றேன். அவர் மறுபேச்சுப் பேசாமல், வந்த லாரியைக் காலியாகத் திருப்பி அனுப்பினார்.

பொழுது சாய்வதற்குள் மலேரியா என்னைப் பாயில் தள்ளியது. காலையிலேயே காய்ச்சல் கண்டிருக்கிறது. கொதிக்கிற கன்னத்தில் எதை வைத்தாலும் சில்லென்றுதானே இருக்கும்? யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் சறுக்கியதற்கு விழுந்தவர் அவர்.

மறுநாள் காலை அவரைச் சயாமுக்கு அழைத்துப்போக ஆள் வந்துவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கட்டை காய்ந்துதான் இருந்ததா என்று கேட்டேன். குனிந்து என் நெற்றியைத் தொட்டார்.

"ஈரந்தான் புள்ள. அப்புறமா நானும் பொளந்து பாத்தேன். நீ சொன்னது சரிதான்லா."

அதை நம்பித்தான் நான் காய்ச்சலிலிருந்து எழுந்தேன். பிறகு கும்பலில் ஒருவர் வந்து விஷயத்தைச் சொன்னார். அவரை அழைத்துப்போன அன்றைக்கே லாரியில் அதே விறகை ஏற்றி, அதன்மேல் அவரையும் உட்காரவைத்துக் கொண்டுபோனார்களாம். ஸ்டேஷனில் ஒரு கட்டையைக்கூட ஈரம் என்று கழிக்கவில்லையாம்.

மூன்று வருஷக் குடித்தனத்தில் அவர் என்னிடம் சொன்ன ஒரே பொய் அது. அதற்காகச் சண்டை பிடிக்கலாம் என்றால், இன்றுவரை மனிதர் திரும்பி வரவில்லை.