ரோசம்மாள் இரண்டு முறை ஓய்வு பெற்றாள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கும் அந்த இரும்பு ஆலையில், ஐம்பத்தெட்டு வயது முடிகிறவர்களின் பெயர்களை கேன்டீன் வாசல் பலகையில் ஒட்டுவார்கள். அந்த மார்ச் மாதத் தாளில் நான்கு பெயர்கள் இருந்தன. மூன்றாவது ரோசம்மாளுடையது. சாப்பாட்டு வரிசையில் நின்றபடியே அதைப் படித்தாள்.

"குடுத்து வச்சவங்கக்கா நீங்க. இனிமே ஊட்ல நிம்மதியா குந்திகினு இருக்கலாம்" என்றான் பின்னால் நின்றவன். ரோசம்மாள் தட்டை நீட்டினாள்.

அந்த ஆலைக்குள் அவள் துடைப்பத்தோடு நுழைந்தவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். முப்பத்தைந்து வயதில் ஒருநாள் கிரேன் ஆபரேட்டர் வராமல் வேலை நின்றுபோனபோது, "நான் பழகிக்கிறேன் சார், வுடுங்க" என்று இன்ஜினியரிடம் கேட்டாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இன்ஜினியர் சிரிக்கவில்லை. மூன்று மாதம் பழகவிட்டு, பரீட்சை வைத்து, கேபினில் உட்கார வைத்தார். அன்று முதல் இருபத்துமூன்று வருஷம், தலைக்கு மேலே ஓடும் கிரேனில் இருந்துகொண்டு டன் கணக்கான இரும்புக் கட்டுகளைத் தூக்கினாள். கீழே நிற்பவன் கை காட்டிய இடத்தில் சத்தமில்லாமல் இறக்கினாள். ரோசம்மா இறக்கினால் தூசிகூட எழும்பாது என்பார்கள் கீழே வேலை செய்கிறவர்கள். போன மாதம் நடந்த கண் பரிசோதனையில் அவளை விட இருபது வயது சின்னவர்களுக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்த டாக்டர், அவளை அப்படியே அனுப்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் எளாவூரில் இருக்கும் வீட்டுக்குப் போனபோது, அங்கே எல்லாம் முடிவாகியிருந்தது.

"ம்மா, பாப்பாவப் பாத்துக்கிற ஆயாகிட்ட ஏப்ரல்ல இருந்து வேணாம்னு சொல்லிட்டேன்" என்றான் மகன் ஜெரால்ட். "ஜெனியும் மொத ஷிப்டுக்கு மாத்திகிச்சு. நீதான் ஊட்லயே இருக்கப் போறியே."

பாப்பா என்பது சுகிர்தா, ஒன்றரை வயது. மருமகள் ஜெனிபர் தேர்வாய்கண்டிகையில் ஒரு கம்பெனிக்குப் போய்வருகிறவள். "உங்க கையில இருந்தா எனக்குக் கவலையே இல்ல அத்தை" என்று அவளும் சொன்னாள். மனதாரத்தான் சொன்னாள்.

கணவன் பாக்கியராஜ் தொலைக்காட்சியிலிருந்து தலையைத் திருப்பினார். ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்று நான்கு வருஷம் ஆகிறது அவருக்கு. காலையில் டீக்கடை, பேப்பர்; மதியம் தூக்கம்; சாயங்காலம் கேரம் போர்டு. "நல்லதுதான். எனக்கும் மத்தியானம் சூடா சோறு கெடைக்கும்" என்றார்.

ரோசம்மாள் பையை இறக்கி வைத்தாள்.

"பாப்பா பொறந்து ஒன்ற வருஷமாவுது. உங்கப்பா அன்னிலர்ந்து ஊட்லதான கீறாரு. அப்புறம் எதுக்குடா ஆயா வெச்சீங்க?"

ஜெரால்டுக்குக் கேள்வி புரியவே சற்று நேரம் ஆனது. "அப்பாவா? அப்பாவுக்கு இன்னா தெரியும்மா?"

"ஆமா, நான் ஆம்பள. கொயந்தயப் பத்தி எனக்கு இன்னா தெரியும்?" என்றார் பாக்கியராஜ்.

"எனக்கு கிரேனப் பத்தி இன்னாயா தெரிஞ்சுது? கத்துக்கினேன்ல?"

அன்றைய சாப்பாடு பாத்திரச் சத்தத்தோடு முடிந்தது.

மறுவாரம் ஆலை மேலாளர் மோகன்ராஜ் அவளைக் கூப்பிட்டனுப்பினார். அவள் வேலை அவருக்கு வேண்டும். கான்ட்ராக்டர் மூலமாக இன்னும் இரண்டு வருஷம் வரலாம் என்றார். "அதே வேலை, அதே ஷிப்ட். பேப்பர்லதான் வித்தியாசம் ரோசம்மா."

கான்ட்ராக்ட் ஆட்களுக்கு வேறு நிறத்தில் சட்டை, வேறு கேட், சாப்பாட்டுக்கு வேறு நேரம். அதெல்லாம் அவளுக்குத் தெரியும். துடைப்பம் பிடித்த காலத்தில் போட்ட சட்டைதான் அது.

"வாரத்துல மூணு நாளு வரேன் சார். கம்பெனி பேர்லயே ஆர்டர் குடுங்க. கான்ட்ராக்டர் சட்டைய திரும்பப் போட மாட்டேன்."

"அப்படி இங்க யாருக்கும் கொடுத்ததில்லையே."

"எனக்கு முன்ன எந்தப் பொம்பளைக்கும் கிரேனும் குடுத்ததில்ல சார்."

பார்க்கலாம் என்றார் மோகன்ராஜ். பார்க்கவில்லை. மாதக் கடைசியில் விழா நடந்தது. சால்வை போர்த்தினார்கள். பேசிய நான்கு பேரும், இனி பேத்தியைக் கொஞ்சிக்கொண்டு, கணவருக்குப் பணிவிடை செய்துகொண்டு, கோயில் குளம் என்று அமைதியாக இருங்கள் என்றார்கள். அவள் மாதா கோயிலுக்குப் போகிறவள் என்பதுகூட ஒருவருக்கும் நினைவில்லை. நன்றி சொல்ல அவளிடம் மைக்கைக் கொடுத்தார்கள்.

"நான் இனிமே இன்னா செய்யணும்னு எல்லாரும் சொல்லிட்டீங்க. என்னைய மட்டும் யாரும் கேக்கல" என்று ஆரம்பித்தாள். குரல் நடுங்கியது, நடுங்கட்டும் என்று மேலே பேசினாள். "நான் ஓயல. தேதிதான் வந்துச்சு. எனக்கு கிரேன் ஓட்டத் தெரியும், இன்னும் ஓட்டுவேன். ஆனா எத்தினி நாளு ஓட்டறதுன்னு இனிமே நான் சொல்லுவேன். வேணும்னா கூப்புடுங்க."

கிரேனுக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் பெஞ்சைத் தட்டினார்கள். மேலாளர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் முதல் திங்கட்கிழமை, ஜெரால்டும் ஜெனிபரும் வேலைக்குப் போன பிறகு, ரோசம்மாள் நாஷ்டா சாப்பிட்டு, நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். பாக்கியராஜ் குழந்தையோடு வாசலுக்கு ஓடிவந்தார்.

"எங்கமே போற?"

"பழவேற்காடு. இம்மாம் பக்கத்துல இருந்துகினு ஒரு தபாகூடப் பாத்ததில்ல."

"அப்ப பாப்பா?"

"உன் கையிலதான கீது."

பொன்னேரியில் பஸ் மாறிப் போனாள். ஏரிக்கரையில் படகுகளைப் பார்த்தபடி உட்கார்ந்தாலும், மனசு என்னவோ எளாவூரில்தான் கிடந்தது. போன் மூன்று முறை அடித்தது. முதல் முறை பால் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்று சொன்னாள். இரண்டாம் முறை உடம்பு துடைக்கும் துணி எங்கே இருக்கிறது என்று சொன்னாள். மூன்றாம் முறை எடுக்கவில்லை. எடுக்காமல் இருப்பதற்கு அவள் கையை மடியில் இறுக்கி வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

திரும்பி வந்தபோது வீடு தலைகீழாகக் கிடந்தது. சோறு அடிபிடித்திருந்தது. பாக்கியராஜின் மார்பில் சுகிர்தா தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் அசையப் பயந்து, கண்ணால் மட்டும் ரோசம்மாளை முறைத்தார்.

ஜெனிபர் அவளோடு பதினொரு நாள் பேசவில்லை. அதுதான் ரோசம்மாளுக்கு உள்ளே குத்தியது. விட்டுக்கொடுத்துவிடலாமா என்றுகூட இரண்டொரு முறை தோன்றியது. பன்னிரண்டாம் நாள் அவளே போய் மருமகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு நாளு நான் பாத்துக்கிறேன் ஜெனி. மீதி நாளு உங்க மாமா. பேத்திமேல பாசமில்லாம சொல்லல. உனக்கும் ஒரு நாளு அம்பத்தெட்டு ஆவும். உன்ன ஒரு வார்த்த கேக்காம உன் நாளையெல்லாம் பங்கு போட்டா, அன்னிக்கு நீ இன்னா சொல்லுவ?"

ஜெனிபர் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "மாமா பாப்பாவுக்குத் தல சீவுறது சகிக்கல அத்தை" என்றாள். அதோடு பேச்சு வந்துவிட்டது.

ஜூனில் ஆலையில் புது ஆபரேட்டர் தூக்கிய கட்டு ஊசலாடித் தூணில் மோதியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வேலை ஒரு நாள் முழுக்க நின்றது. அடுத்த வாரம் மோகன்ராஜ் எளாவூருக்கு நேரில் வந்தார். பாக்கியராஜ் பேத்திக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தவர், எழுந்திருக்காமலே தலையாட்டினார். மேலாளர் நீட்டியது வாரத்துக்கு மூன்று நாள் வேலைக்கு, கம்பெனி தாளிலேயே எழுதிய ஆர்டர். ரோசம்மாள் இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

செவ்வாய், புதன், வியாழன் அவள் கிரேனில் இருந்தாள். இரண்டு நாள் பேத்தியோடு. மிச்ச இரண்டு நாள் ஞாயிற்றுக்கிழமை பூசையும் தன் இஷ்டமும். சில சனிக்கிழமைகளில் எதுவும் செய்யாமல் படுத்துக்கிடந்தாள். யாராவது கேட்டால், "சும்மா கீறேன்" என்றாள். அப்படி இரண்டு வருஷம் ஓடியது.

இந்த வருஷம் ஒருநாள் அவள் மோகன்ராஜின் மேசையில் ஒரு கடிதத்தை வைத்தாள். ஜூலை முப்பத்தொன்றோடு நின்றுகொள்கிறேன் என்று எழுதியிருந்தது.

"இன்னொரு வருஷத்துக்கு ஆர்டர் ரெடி பண்ணச் சொல்லியிருந்தேனே" என்றார் அவர். "யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல சார். இப்பல்லாம் கேபினுக்கு ஏணில ஏறும்போது நடுவுல ஒரு தபா நிக்கிறேன். அது எனக்கு மட்டுந்தான் தெரியும். நீங்க பாத்துச் சொல்றதுக்கு முன்ன நானே சொல்லிடணும்."

மோகன்ராஜ் கடிதத்தை மறுபடி படித்தார். விழா பற்றி எதுவும் பேசவில்லை. எழுந்து நின்று கை கூப்பினார்.

கடைசி நாள் காலை இரும்பு ஏணியில் ஏறும்போது, பாதி வழியில் ரோசம்மாள் நின்றாள். கீழே நாலைந்து பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று, மூச்சு சீராகும் வரை நின்றாள். பிறகு மீதியையும் ஏறி, கேபின் கதவைத் திறந்தாள்.