துரை காரின் கதவுக்குள்ளே

இன்றைக்கு மலாக்காவில் யார் வேண்டுமானாலும் கார் வாங்கலாம். கடன் கொடுக்க ஆள் தயாராக நிற்கிறான். வெள்ளைக்காரன் ஆண்ட அவசரகாலத்தில், எந்த ரப்பர்க்காட்டுக்குள்ளிருந்து துப்பாக்கி வெடிக்கும் என்று தெரியாத அந்த நாளில், தோட்டத்துத் துரை ஏறிய காரை ஒரு தமிழர் சொந்தமாக வைத்திருந்தார் என்றால் அது லேசுப்பட்ட காரியமா? பாச்சாங் பக்கத்தில் நாகமுத்துவைத் தவிர அப்படி வேறொருவர் கிடையாது. கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

கல்லுமலைத் தோட்டத்தில் ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டிய முனுசாமியின் மகன் அவர். பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டப் பழகியதோடு சரி. லாரியில் மூட்டை ஏற்றும் ஆளாகச் சேர்ந்து, கூடவே இருந்து ஓட்டக் கற்று, ஜப்பான்காரன் ஓடிய பிறகு புதருக்குள் துருப்பிடித்துக் கிடந்த ஒரு லாரியை இழுத்து வந்து உயிர் கொடுத்தவர். அந்த லாரியில் அரிசி மூட்டை ஏற்றித்தான் மேலே வந்தார். கைதூக்கிவிட ஒரு ஆள் இல்லை.

கல்லுமலைத் துரை சீமைக்குத் திரும்பியபோது அவருடைய கருப்பு ஹம்பர் காரை நாகமுத்து வாங்கினார். ஜப்பான் சண்டைக்கு முந்திய கார். நீளமான மூக்கு, உள்ளே மரப்பலகை பதித்த முகப்பு, நாலு பேர் தாராளமாகச் சாய்ந்து உட்காரத் தோல் மெத்தை. சின்ன வயதில் அந்தக் கார் வரும்போது ஓரமாக ஒதுங்கித் தலைப்பாகையைக் கழற்றிக்கொண்டு நின்றவர்தான். இப்போது அது அவர் வீட்டுத் தகரக் கொட்டகையில் நின்றது.

பட்டறைக்கு அனுப்பவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அடியில் படுத்தால் வெயில் சாயும்போதுதான் வெளியே தலை நீட்டுவார். இஞ்சினைத் திறந்து கரி சுரண்டினார். வால்வுகளைத் தம் கையாலேயே அரைத்து உட்கார வைத்தார். வெடித்துப்போன தோல் மெத்தைக்கு விளக்கெண்ணெய் தேய்த்துத் தேய்த்து மினுக்கினார். பக்கவாட்டில் எழும்பி விழும் பழைய கைகாட்டியைக் கழற்றிவிட்டு லாரியில் வைப்பதுபோல் மினுக்கும் விளக்கு வைத்தார்.

பெரிய வேலை கதவில் இருந்தது. காட்டுக்குள் ஒளிந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்கு, அந்தக் காட்டுக்காரர்களுக்குப் பயந்து துரை நாலு கதவுக்கும் உட்புறமாக இரும்புத் தகடு அடித்திருந்தார். அந்தக் கனத்தில் கார் பின்பக்கம் குந்திப்போய், மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கியது. நாகமுத்து தகடு நாலையும் பிடுங்கி எறிந்தார். கார் நிமிர்ந்தது, பெட்ரோலும் மிச்சம். ஆனால் கதவை மூடினால் காலி டின்னைத் தட்டினாற்போல் ஒரு சத்தம்.

துரை கார் டின் சத்தம் போடலாமா? லாரியில் கிடந்த காலி அரிசிச் சாக்குகளை எடுத்து, மடித்து, கதவின் வயிற்றுக்குள் திணித்துக் கம்பியால் கட்டினார். மேலே ரெக்சின் துணி. அவர் மனைவி பெரியநாயகிதான் அதைத் தைத்துக் கொடுத்தாள்.

"சாக்க நல்லா உதறிட்டுப் போடுங்க. தையல்ல அரிசி தங்கும், எலி வரும்," என்றாள்.

"எலிக்குத் தெரியுமா இது துரை காருன்னு? மரியாதையாப் போயிரும்," என்றார் நாகமுத்து.

கதவை மூடினார். 'தொப்' என்று பஞ்சு மூட்டை விழுந்த சத்தம். திறந்தார், மறுபடி மூடினார். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு மூடச்சொல்லிக் கேட்டார்.

இவ்வளவும் எதற்கு? தங்கச்சி கோமளாவுக்காக. அவளுக்கு மலாக்கா டவுனில் மாப்பிள்ளை அமைந்திருந்தது. பையன் தனபாலன் தங்கமானவன். அப்பா இல்லை, சித்தப்பா சாமிநாதன்தான் எல்லாம். அவர் அரசாங்க ஆபீஸ் கிராணி. எழுத்து வேலை பார்க்கிறவர் என்பதால் மடிப்புக் கலையாத சட்டை, சட்டைப்பையில் பேனா. பெண் பார்க்க வந்தபோதே, "லயத்துல பொறந்த பொண்ணு, டவுன் வீட்டுல புழங்கத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டார். லயம் என்றால் தோட்டக் கூலிகளின் வரிசை வீடு. அந்தச் சொல் நாகமுத்துவுக்கு நெஞ்சில் முள்ளாக நின்றது. எந்த லயத்தைச் சொன்னாரோ அந்த லயத்து வாசலிலிருந்தே கோமளா துரை காரில் ஏறிக் கல்யாணத்துக்குப் போகவேண்டும், சாமிநாதனும் அதே காரில் உட்கார்ந்து அதைப் பார்க்கவேண்டும் என்று முடிவு கட்டிக்கொண்டார்.

"முந்தின நாளே பிள்ளைய இங்க கூட்டிட்டு வந்துருங்களேன். ரோட்டுல செக்கிங் கெடுபிடி ரொம்பவா இருக்கு," என்று பெரியநாயகி சொல்லிப் பார்த்தாள்.

"நீ கோயிலுக்கு நேரா வந்துரு. மத்தத நான் பாத்துக்கறேன்."

அந்த வருஷம் காட்டுக்காரர்களைப் பட்டினி போட்டுப் பிடிக்கச் சர்க்கார் கிளம்பியிருந்தது. தோட்டங்களைச் சுற்றி முள்கம்பி வேலி. வேலிக்கு வெளியே ஒரு பிடி அரிசி போகக்கூடாது. வேலைக்குப் போகிறவர்களின் தூக்குச் சட்டியைக்கூடத் திறந்து பார்த்தார்கள். கல்யாணப் பெண்ணுக்குப் பலகாரம் கட்டிக் கொடுக்க முடியவில்லை என்று கோமளாவின் அம்மா அழுதாள். தாம்பாளத்தில் பூ, வெற்றிலை, மஞ்சள், அவ்வளவுதான்.

கல்யாணத்தன்று ஊரடங்கு எடுத்ததும் நாகமுத்து சாமிநாதனை ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். லயம் முழுக்க வெளியே வந்து நின்றது. முனுசாமி பழக்கதோஷத்தில் காரைப் பார்த்ததும் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டார்.

"யப்பா, போட்டுக்க. இது நம்ம காரு," என்றார் நாகமுத்து. அந்த ஒரு பேச்சுக்காகவே அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் காருக்கடியில் படுத்துக் கிடக்கலாம்.

வேலி வாசலில் காவல்காரன் தெரிந்தவன். சிரித்துக்கொண்டே கையசைத்து விட்டான். வேறு கார் இல்லை, அம்மாவும் அப்பாவும் மற்றவர்களும் பஸ்ஸுக்கு நின்றார்கள். காரில் முன் சீட்டு முழுக்கத் தாம்பாளங்கள், பின்னால் கோமளா, அவள் பக்கத்தில் சாமிநாதன். அவர் கதவைத் தட்டிப் பார்த்தார்.

"நல்லா கெட்டியா இருக்கே தம்பி. உள்ள என்ன போட்டிருக்கீங்க?"

அரிசிச் சாக்கு என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "கம்பளி, மாமா. சிங்கப்பூர்லேர்ந்து தருவிச்சேன். சீமைக் கம்பளி."

"அப்படியா! நம்ம பெரிய ஆபீசர் காருலகூட இவ்வளவு மெதுவா கதவு சாத்தாது," என்றார் சாமிநாதன். கண்ணாடியில் கோமளா முகம் மலர்ந்ததை நாகமுத்து பார்த்தார்.

செங் என்ற ஊரைத் தாண்டும் முன்னால் ரோட்டில் தடுப்பு. ஒரு வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர், சின்ன வயது. கூட நாலைந்து மலாய்ப் போலீஸ்காரர்கள். அவர்களில் ஒருவன் பின்கதவைத் திறந்தான். திறந்தவன் குனிந்தான். கதவின் அடிவிளிம்பிலிருந்து விரலால் எதையோ தொட்டு எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினான்.

"பெராஸ், துவான்."

அரிசி. நாலைந்து மணி, கூடவே எலிப் புழுக்கை. துரை கார் என்று மரியாதை பார்க்காத எலி, உள்ளே கூடு கட்டிச் சாக்கைக் கடித்திருந்தது.

இன்ஸ்பெக்டர் வந்து கதவைக் கைமுட்டியால் தட்டினார். காலிக் கதவின் சத்தம் இல்லை. "உள்ளே என்ன?" என்று மலாயில் கேட்டார்.

இந்த இடத்தில்தான் நாகமுத்து நின்று யோசித்திருக்க வேண்டும். பின்னால் சாமிநாதன் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால், மணக்கோலத்தில் தங்கச்சி முன்னால், பழைய சாக்கு என்று எப்படிச் சொல்வது?

"கம்பளி, துவான்," என்றார்.

"பிரித்துக் காட்டு."

"துணி கிழிஞ்சிரும் துவான். கல்யாணத்துக்குப் போற காரு." சொல்லிக்கொண்டே இறங்கிப்போய்க் கதவை மறித்து நின்றார். கதவில் கைவைத்த போலீஸ்காரனின் கையைத் தட்டியும் விட்டார்.

அது போதும். இரண்டு பேர் அவரைப் பிடித்துத் தள்ளி நிறுத்தினார்கள். கத்தி ரெக்சினைக் கிழித்தது. மடித்த சாக்கு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஆலை முத்திரை குத்திய அரிசிச் சாக்கு. உதறியபோது தையலிலிருந்தும் மடிப்பிலிருந்தும் அரிசி உதிர்ந்தது. நாலு கதவிலும் சேர்த்தால் இரண்டு கைப்பிடி தேறும். துரை பழைய தகட்டுக்கு அடித்திருந்த கொக்கிகளை இன்ஸ்பெக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். மூட்டை தொங்கவிடச் செய்தது போலவே இருந்தது. தொழில் என்ன என்று கேட்டார். அரிசி லாரி.

"வேலிக்குள்ளிருந்து வரும் கார். கதவுக்குள் ஒளிப்பிடம். அதிலே அரிசி. கேட்டால் கம்பளி என்கிறாய்," என்றார் இன்ஸ்பெக்டர். பிறகு சாமிநாதன் பக்கம் திரும்பினார். "நீங்கள் யார்? இவன் உங்களுக்கு என்ன வேண்டும்?"

சாமிநாதன் ஆபீஸ் சீட்டை நீட்டினார். இங்கிலீஷில் பேசினார். நாகமுத்துவுக்கு இங்கிலீஷ் அரைகுறை. ஆனாலும் அது புரிந்தது. வாடகைக் கார், சார். கல்யாணத்துக்கு எடுத்தோம். டிரைவரை முன்பின் தெரியாது.

கோமளா தலையைத் தூக்கி அண்ணனைப் பார்த்தாள்.

இன்ஸ்பெக்டர் அடையாளக் கார்டுகளை வாங்கினார். நாகமுத்து, தகப்பன் பேர் முனுசாமி. கோமளா, தகப்பன் பேர் முனுசாமி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

சாமிநாதன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "தோட்டத்தில் கல்லை எறிந்தால் ஒரு முனுசாமி மேல்தான் விழும், சார்."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. நாகமுத்துவிடம் வந்தார். "இந்தப் பெண் உனக்கு யார்?"

தங்கச்சி என்று சொன்னால் அவளையும் இறக்குவார்கள். ஸ்டேஷனில் உட்கார வைப்பார்கள். முகூர்த்தம் போய்விடும். போனால், இந்தக் கிராணி மறுபடி ஒரு முகூர்த்தம் வைப்பாரா? அரிசி கடத்தியவன் தங்கச்சியை எந்த டவுன் வீடு எடுக்கும்? மூட்டை தூக்கிய தோள் அது, எதையும் தாங்கும். ஆனால் அன்றைக்கு அந்த இரண்டு வார்த்தையைத் தூக்க அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

"தெரியாது, துவான். நான் வாடகைக்கு ஓட்டறேன்."

"அண்ணே," என்று கோமளா வாய் திறந்தாள்.

"எறங்கிப் போம்மா," என்றார் நாகமுத்து, குரலை உயர்த்தி. "டிரைவர அண்ணேன்னு கூப்புட்டா துவானுக்கு என்ன வெளங்கும்? பஸ்ஸு வருது பாரு. பெரியவர் கூடப் போயி ஏறிக்க. நேரமாவுது."

தோட்டத்துப் பஸ் பின்னால் வந்து நின்றிருந்தது. சாமிநாதன் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடாத குறையாக நடந்தார். பட்டுப்புடவை ரோட்டுச் செம்மண்ணில் புரண்டது. பஸ்ஸுக்குள் இருந்த முனுசாமி எழுந்து கத்தப் போனார். சாமிநாதன் அவர் வாயைப் பொத்தி உட்கார வைத்தார்.

தாலி குறித்த நேரத்தில் ஏறியது. பெரியநாயகி கோயில் வாசலில் காருக்காகக் காத்து நின்றாள். வந்தது பஸ்.

நாகமுத்துவை விசாரணை இல்லாமலே உள்ளே வைத்தார்கள். சாக்கு எதற்கு வைத்தேன் என்று அவர் எத்தனையோ முறை உண்மையைச் சொன்னார். முதலில் ஏன் கம்பளி என்றாய், எந்தக் கல்யாணம், யார் வாடகைக்கு எடுத்தார்கள் என்று திருப்பிக் கேட்டார்கள். அதற்குப் பதில் சொன்னால் தங்கச்சி வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். வாயை மூடிக்கொண்டார். கப்பலேற்றி ஊருக்கு அனுப்புவோம் என்று மிரட்டினார்கள். பிறந்த மண்ணே இதுதான், எந்த ஊருக்கு அனுப்புவார்கள்?

லாரியும் தொழிலும் கைவிட்டுப் போயின. தடுப்பு முகாமுக்குப் பெரியநாயகி மட்டும் போய்ப் பார்த்து வந்தாள். கோமளா வர முடியாது. அவள் அவருக்கு யாருமில்லை என்று அவரே சொல்லியிருந்தார்.

மலாக்காவில் கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகு ஒரு நாள் விட்டார்கள். காரும் வீட்டுக்கு வந்திருந்தது. கதவுகள் குடல் பிடுங்கியபடி. நாகமுத்து உட்கார்ந்து அதை மறுபடி தைத்தார். இந்தத் தடவை உள்ளே ஒன்றும் வைக்கவில்லை.

வந்த கொஞ்ச நாளில் சாமிநாதன் வீடு தேடி வந்தார். தலை நரைத்திருந்தது.

"தம்பி, கோமளா பிள்ளைக்குக் காது குத்தறோம்," என்றார்.

பெரியநாயகியின் முகம் விரிந்தது. தாய்மாமன் மடியில் வைத்துத்தானே காது குத்தவேண்டும்? பையனை நாகமுத்து இன்னும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

"ஆனா," என்று சாமிநாதன் தரையைப் பார்த்தார். "ஆபீஸ் ஆளுங்க எல்லாம் வருவாங்க. உங்கள மாமன்னு உக்கார வெச்சா, அன்னிக்கு நான் போலீஸ்ல சொன்னது என்னாவும்? என் வேலை போயிரும். தனபாலனையும் இழுத்துருவானுங்க. உங்க ஒண்ணுவிட்ட அண்ணன் ஒருத்தர் மடியில வெச்சிக்கலாம்னு..."

"வெளிய போங்க," என்றாள் பெரியநாயகி.

"இரு புள்ள," என்றார் நாகமுத்து. "மாமா, பிள்ளைய எதுல கூட்டிட்டுப் போறீங்க?"

"டாக்சிதான் பாக்கணும்."

"நம்ம காருல போங்க. நான் ஓட்டறேன். வாடகைக் காரு தானே, யாரும் ஒண்ணும் கேக்க மாட்டான்."

காது குத்தன்று அவர் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு போனார். கோமளா பிள்ளையோடு பின்னால் ஏறினாள். தெருவில் ஆள் இருந்தது. கார் நகர்ந்த பிறகு குழந்தையின் கையைப் பிடித்து, முன்னால் எட்டி, அண்ணன் தோளில் வைத்தாள். கோயில் வரும் வரைக்கும் அந்தக் கை அங்கேயே இருந்தது. வாசலில் நிறுத்தி, இறங்கி, கதவைத் திறந்துவிட்டார். அவர்கள் உள்ளே போனதும் கதவைச் சாத்தினார். டின் சத்தம் கேட்டது.

மேளம் உயர்ந்தது. அதையும் மீறிக் குழந்தை வீறிட்டு அழுத சத்தம் வெளியே வந்தது. நாகமுத்து துணியை எடுத்துக் காரின் மூக்கைத் துடைக்க ஆரம்பித்தார்.

செருப்பை மாட்டிக்கொண்டு வந்த ஆபீஸ்காரர் ஒருவர் காரைச் சுற்றி வந்து பார்த்தார்.

"டிரைவர், இது வெளிய வாடகைக்கு வருமா? அடுத்த மாசம் என் மக கல்யாணம் இருக்கு."

நாகமுத்து துடைப்பதை நிறுத்தவில்லை.

"வரும் சார்," என்றார். "பாச்சாங்ல வந்து யார்கிட்ட வேணும்னாலும் கேளுங்க. வாடகைக் காரு வீடுன்னா காட்டுவாங்க."