பின்சந்துக் குழாய்கள்

நீலப் பென்சில் ஸ்கேலின் ஓரத்தை ஒட்டி மெதுவாக நகர்ந்தது. இன்னொரு கை, பரீட்சை அட்டையில் செருகிய தாளை விரல்களை விரித்து அழுத்திப் பிடித்திருந்தது. நீலம் குடிநீர், பழுப்பு சாக்கடை, சிவப்பு மின்கம்பி. ஒவ்வொரு கோட்டின் மேலும் அடிக்கணக்கு. கோடு முடிந்ததும் பென்சில் தூளைக் கைக்குட்டையால் ஒதுக்கின கைகள். ஊதினால் எச்சில் பட்டு நீலம் பரவும்.

கைகளுக்குச் சொந்தக்காரர் இன்பராஜ். வயது ஐம்பது. வேலூர் பழைய ஊருக்குள் ஸ்மார்ட் சிட்டி வேலை நடக்கும் தெருக்களில் அவரைத் தெரியாத வீடு குறைவு. எந்த வீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து போகிறது என்று கண்டுபிடித்துத் தெருவுக்கு ஒரு தாள் வரைய வேண்டும். எதை முதலில் தோண்டுவது, எதைக் கடைசியில் மூடுவது என்று வரிசை சொல்ல வேண்டும். ஒப்பந்தக்காரரிடம் அவருக்கு அதுதான் வேலை.

அதற்கு முன் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் கட்டிங் பிரிவில் பதினாறு வருஷம் இருந்தார். அங்கே தோலை விரித்து, தழும்பும் உண்ணி கடித்த புள்ளியும் எங்கே என்று கையால் தடவிக் குறித்த பிறகே வெட்டுவார்கள். ஆர்டர் குறைந்து ஆட்களை அனுப்பியபோது வேலூருக்கு வந்து, குழி தோண்டும் இடத்தில் சுண்ணாம்புக் கோடு போடும் வேலையில் சேர்ந்தார். இன்ஜினியர்கள் விரித்து வைத்த வரைபடங்களை மதியச் சாப்பாட்டு நேரத்தில் பார்த்துப் பார்த்தே படிக்கக் கற்றுக்கொண்டார். ஆனாலும் வரைபடத்தை அப்படியே நம்புவதில்லை. “வால்வ மூடினா குழாய் நிக்கணும். நின்னாதான் கோடு” என்பார்.

அன்று புதன்கிழமை. நாற்பத்திரண்டு வீடுகள் உள்ள தெரு; பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்கள். புதுக்குழாய் பதித்தாகிவிட்டது. சனிக்கிழமை காலை கான்கிரீட். அதற்குப் பிறகு தெருவை வெட்டக் கூடாது என்று ஒப்பந்தம். பழைய குழாயை மூடிவிட்டு, எல்லா வீட்டுக்கும் புதுக்குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பது மட்டும் பாக்கி.

குழாய் பொருத்தும் பிட்டர் ஹயாத் பாஷா பழைய குழாயின் தெருமுனை வால்வை மூடினார். இன்பராஜ் வாசல் வாசலாகப் போய்க் குழாயைத் திறந்தார். நாற்பத்திரண்டிலும் வந்தது.

“முடிஞ்சுதா வாத்தியாரே? அட்டைய எடுத்து வை, டீ குடிக்கலாம்” என்றார் பாஷா.

கடைசி வீட்டுக் கதவு திறந்தது. வஜீதா நின்றார். வீட்டில் இருந்தபடியே ஷூவின் மேல்தோலுக்குக் கைத்தையல் போட்டுக் கொடுப்பவர். ஊசி இன்னும் கையில் இருந்தது.

“அண்ணா, இன்னா பண்ணீங்க? சமையல்கட்டுல தண்ணி நின்னுபோச்சு.”

“வாசல்ல வருதேம்மா, இப்பதான பாத்தேன்?”

“அது ஆம்பளைங்க கைகால் கழுவறது. சமைக்கிறது, துவைக்கிறது எல்லாம் பின்சந்துக் குழாய்ல இருந்துதான்.”

வீடுகளுக்குப் பின்னால் இரண்டு பேர் ஒட்டி நடக்கும் அகலத்தில் ஒரு சந்து இருந்தது. பெண்கள் வீடு விட்டு வீடு போவது அதன் வழியாகத்தான். வெளி ஆண்கள் நுழைவதில்லை. எட்டு மாதமாக இன்பராஜும் எட்டிப் பார்த்ததில்லை. வாசலில் நின்று கேட்டு, வாசல் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார். அதுதான் மரியாதை என்று நினைத்திருந்தார்.

“எத்தன வீட்டுக்கு அப்படிம்மா?”

“சில வீட்ல பின்னாடியும் முன்னாடி குழாயிலேந்துதான் இழுத்திருக்காங்க. சில வீட்ல இல்ல. எண்ணிப் பாத்ததில்லண்ணா.”

பாஷா அவரைத் தனியே இழுத்தார். “கையெழுத்து போட்டுக் குடுத்துடு. பின்னாடி குழாய் லிஸ்ட்லயே இல்ல. உனக்கு எதுக்குப் பேஜாரு?”

“லிஸ்ட்ட எழுதினது நான்தான பாய்? மொதல்ல பழைய வால்வத் திற. உலைல அரிசி வெச்சிருப்பாங்க.”

பிறகு உதவிப் பொறியாளர் கலையரசிக்குப் போன் செய்தார். “மேடம், என் தாள் தப்பு.”

“எவ்ளோ தப்பு?”

“சாயங்காலம் எண்ணிச் சொல்றேன்.”

“லாரிக்குச் சொல்லியாச்சுண்ணா. சனிக்கிழமை மாறாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சரியான தாள் என் டேபிளுக்கு வரணும். வரலைன்னா இருக்கறத வெச்சு கான்கிரீட் போட்டுடுவாங்க. என்னால நிறுத்த முடியாது.”

இன்பராஜ் சாக்பீஸையும் அளவு டேப்பையும் வஜீதாவிடம் கொடுத்தார். அவர் பின்சந்தில் போனுடன் நின்றார். இவர் தெருமுனையில் வால்வுடன்.

“மூடிட்டேன். நின்னுச்சாம்மா?”

“அவசரப்படாதீங்க. குழாய்ல மிச்சம் இருக்கும்ல? …ஆங், இப்ப நின்னுபோச்சு. சாக்பீஸ் போட்டுட்டேன்.”

“நல்லா பாத்தீங்களா?”

“ஒரு தையல் விட்டா கம்பெனிக்காரன் ஜோடியவே திருப்பி அனுப்புவான். எனக்குப் பாக்கத் தெரியாதா?”

பக்கத்து வீட்டுப் பெண் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ள, வஜீதா வீட்டுக்கு வீடு அளந்து சொன்னார். தண்ணீர் நின்றது பதினொரு வீடுகளில்.

புதுக்குழாயை இணைக்கச் சந்துக்குள் ஆட்கள் வரவேண்டும் என்றதும் வஜீதா எல்லா வீட்டிலும் பேசிவிட்டு வந்தார். “நாளைக்கும் வெள்ளிக்கிழமையும் எட்டுல இருந்து பன்னண்டு வர சந்து உங்களுது. பன்னண்டு அடிச்சா எங்களுது.”

இரண்டு வீடுகளுக்கு நடுவே இருந்த முழ அகல இடைவெளி வழியாகப் புதுக்குழாயிலிருந்து ஒரு கிளை போயிற்று. பாஷா உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு நுழைந்தார். “இன்னிக்கு ஜும்மா. தொழுகைக்கு லேட் ஆச்சுன்னா பாவம் உன் கணக்குலதான்” என்று வெள்ளிக்கிழமை காலை முழுவதும் திட்டிக்கொண்டே கடைசி இணைப்பை முறுக்கினார். பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பழைய குழாயை மறுபடி மூடினார்கள்.

வஜீதாவின் போன் வந்தது. “பதினொண்ணும் வருதுண்ணா. ரெண்டு வீட்ல முன்னவிட ஜாஸ்தி.”

இன்பராஜ் பழைய தாளை அழித்துத் திருத்தவில்லை. புதுத் தாள் எடுத்து, தெருவை முதலிலிருந்து வரைந்தார். இந்த முறை பின்சந்தும் அதில் இருந்தது. அளவெடுத்தவர் என்ற இடத்தில் இரண்டு பெயர்கள் எழுதினார்.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கலையரசியின் மேசைக்கு முன் நின்றார்.

“யாருண்ணா வஜீதா? நம்ம லிஸ்ட்ல இல்லியே?”

“சந்த அளந்தவங்க மேடம். அந்த அளவுல சந்தேகம் வந்தா அவங்களத்தான் கேக்கணும்.”

கலையரசி சிரித்தபடி கையை நீட்டினார். இன்பராஜ் அட்டையின் கிளிப்பைத் தூக்கி, தாளை மடங்காமல் உருவி அந்தக் கையில் கொடுத்தார்.