அசல் இறக்கை

அட, அந்த வூட்டுக் கல்யாணம் கெடக்கட்டும் ராணி, எம்பதுகள்ல என் மவளுக்கு வந்த மாப்பிள்ளை கதையைக் கேளு. அப்ப நாங்க பாப்பிரெட்டிப்பட்டியில இருந்தோம். பட்டாளத்துல ப்ளேன் ஓட்டறவன்னு தரகன் ஒருத்தனைக் கூட்டியாந்தான். நீலச் சட்டை போட்டு, நெஞ்சுல இறக்கை பேட்ஜ் தைச்சிருந்தான். என் தம்பி மட்டும் காதுல சொன்னான்: "அக்கா, பெங்களூர்ல இந்த இறக்கைய ரோட்டுல போட்டு விக்கறாங்க. விசாரிச்சுக்க."

எனக்குப் படிப்பா இருக்கு? வேணும்னே அவன் மேல காபியக் கொட்டி, "கழட்டுங்க சாமி, அலசித் தர்றேன்"னு சட்டையக் கொல்லைக்குக் கொண்டுபோனேன். இறக்கையோட ஓரத்தைப் பிரிச்சா, அடியில துணி வெளுக்காம கருநீலமா இருந்துச்சு. நேத்துத் தைச்சதில்ல, வருசக்கணக்கா அங்கயே இருந்தது. அசல்தான்னு எனக்குச் சிரிப்புத் தாங்கல.

அப்பறந்தான் நெஞ்சுல இறக்கைக்கு எதிர்ப்பக்கம் பார்த்தேன். அங்கயும் விரல் நீளத்துக்கு அதே கருநீலம், சுத்தி அறுத்த நூலு. பேர் தைச்சிருந்த இடம் அது.

சட்டையோட போயி, "பேரை ஏன் சாமி பிரிச்சீங்க?"ன்னு கேட்டேன்.

"இது என் சிநேகிதன் சட்டைங்க ஆத்தா."

"அவரு திருப்பிக் கேக்க மாட்டாருங்களா?"

"இனிமே கேக்க மாட்டாருங்க"ன்னு சிரிச்சான்.

பொண்ணு தர்றதில்லைன்னுட்டேன். ஈரச் சட்டையையே மாட்டிக்கிட்டுப் போனான். தோள் ரெண்டும் அவனுக்குப் பெருசாத் தொங்குச்சு. என் மவ தப்பிச்சா, நல்லா இருக்கா. ஆனா அந்தச் சட்டைக்காரனைப் பெத்தவ எங்க உக்காந்து வழி பாக்கறாளோன்னு இன்னமும் நெனைப்பு வருது.

இரு ராணி, காயப்போட்ட புளியில ஆடு வாய் வைக்குது.