மாப்பிள்ளை கொடுத்த மில்லிங் மெஷின்

என் வீட்டுக்காரருக்குத் தெருவில் டெஸ்டர் என்று பெயர். சட்டைப்பையில் எப்போதும் கரண்ட் பார்க்கிற டெஸ்டர் ஒன்று இருப்பதால் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். தெரு அந்தப் பெயரை வைத்த காரணம் வேறு. பூட்டைப் பூட்டி இழுத்துப் பார்ப்பார், பத்தடி நடப்பார், திரும்பி வந்து மறுபடி இழுப்பார். கல்யாணமான புதிதில் நான் காபி கொடுத்தால், "முதல்ல நீ ஒரு வாய் குடி" என்பார். ஆசை என்று நினைத்து நானும் வெட்கப்பட்டேன். சர்க்கரை சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஆள் வைத்திருக்கிறார் என்பது பிறகுதான் புரிந்தது.

அப்படிப்பட்டவர் சோதிக்காமல் நம்பிய ஒரே உயிர் அவருடைய தங்கை. தாய் தகப்பன் இல்லாத வீட்டில் அவளை வளர்த்து ஆளாக்கியது இவர்தான். அந்த உறவைத்தான் ஒரு பழைய மில்லிங் மெஷினுக்காக அறுத்துக்கொள்ளப் பார்த்தார்.

மெஷின் தங்கை புருஷனுடையது. அவர் பெரிய பட்டறைக்கு மாறியபோது, "வெளியாளுக்கு ஏன் குடுக்கணும், அண்ணாவே வெச்சுக்கட்டும்" என்று தங்கைதான் பேசி முடித்தாள். எங்கள் பட்டறை என்பது வீட்டின் முன்னறை. பம்புகளின் இரும்பு மூடிகளை மெஷினில் பூட்டி, முகத்தைச் சமமாகச் சீவிக் கொடுப்பது வேலை. மெஷினோடு ஒரு டிரைவும் வந்தது. சுவரில் மாட்டுகிற சின்னப் பெட்டி அது. வீட்டுக் கரண்டை வாங்கி, மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுத்து, வேகத்தைக் கூட்டிக் குறைப்பது அதன் வேலை.

இறக்கி வைத்த அன்று மாப்பிள்ளை ஒன்றே ஒன்று சொன்னார். "மச்சான், டிரைவ்ல செட்டிங் எல்லாம் பார்த்துப் பார்த்து வெச்சிருக்கேன். அதை மட்டும் தொடாதீங்க."

அவர் வண்டி தெருமுனை திரும்பியதோ இல்லையோ, இவர் டிரைவின் முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"எதுக்குங்க? அவர்தான் தொட வேண்டாம்னாரே" என்றேன்.

"அதனாலதான் தொடறேன். தொடாதேன்னா உள்ள என்னமோ மறைச்சிருக்குன்னு அர்த்தம்."

இருந்த செட்டிங் அத்தனையையும் அழித்து, கம்பெனியிலிருந்து வந்த நாளில் இருந்த நிலைக்குக் கொண்டுபோனார். மோட்டாரில் விவரம் பொறித்த தகட்டைப் பார்த்து ஆம்பியரும் வேகமும் புதிதாகப் போட்டார். பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டார்.

அந்த நிம்மதி முதல் மூடி முடிகிறவரைதான். மெஷின் அருமையாக ஓடியது. நிறுத்துகிற பொத்தானை அமுக்கினால் மட்டும் வேகம் குறையும்போதே டிரைவ் டக்கென்று கைவிட்டுவிடும். வோல்டேஜ் எகிறிவிட்டது என்று திரையில் காட்டும். இரும்பைச் சீவுகிற கட்டர் தன்பாட்டுக்குச் சுற்றி ஓயும். ஒவ்வொரு தடவையும் இதே கதை. ஓடச் சொன்னால் பரம சாது, நிறுத்தச் சொன்னால்தான் கோபம்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். முதலில் வீட்டுக் கரண்ட் மேல் சந்தேகம். அளந்தார், சரியாக இருந்தது. அளந்த மீட்டர் மேல் சந்தேகம். வேறு மீட்டர் இரவல் வாங்கி அளந்தார், அதுவும் அதையே சொன்னது. அப்புறம் மாப்பிள்ளை மேல். நல்ல மோட்டாரைக் கழற்றிக்கொண்டு கெட்டதை மாட்டிவிட்டார் என்றார். கரண்டை நிறுத்தி, உள்ளே தேங்கிய மின்சாரம் வடியும்வரை காத்திருந்து, டிரைவைத் திறந்து பார்த்தார். எதுவும் உப்பவில்லை, கருகவில்லை.

"இந்த ஸ்க்ரூவைப் பாரு, கீறல். எவனோ திறந்திருக்கான்."

"இப்பதானேங்க நீங்க திறந்தீங்க."

"இது வேற கீறல்."

மறுநாள் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது தங்கைக்குப் போன் போட்டார். "உன் புருஷன் ஓட்டை மெஷினை என் தலையில கட்டிட்டாரு. உனக்கும் தெரிஞ்சுதான் நடந்துச்சா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. "என்னையுமா அண்ணா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவள் வைத்துவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த ஈரத்துணியை அவர் மேலேயே வீசலாம் போலிருந்தது. தினமும் கூப்பிடுகிறவள் அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. இவரும் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார், ஆனால் வீம்பு மட்டும் இறங்கவில்லை.

மோட்டார் கெட்டது என்று நிரூபித்துத் திருப்பி அனுப்புவதற்காகத்தான் மோட்டாரையும் மெஷினையும் இணைக்கிற பெல்ட்டைக் கழற்றினார். மோட்டாரைத் தனியாக ஓட்டி நிறுத்தினார். சமர்த்தாக நின்றது. பெல்ட்டை மாட்டி, சின்னக் கட்டரைப் போட்டு ஓட்டினார். அதுவும் நின்றது. பெரிய கட்டரைப் போட்டார், டிரைவ் கைவிட்டது. இவர் முகம் மாறியது.

"என்னங்க?"

"கனமானது சுத்திட்டிருக்கும்போது சட்டுனு நிறுத்தினா, மோட்டாரே கரண்டை உண்டாக்கித் திருப்பித் தள்ளும். டிரைவால தாங்க முடியாது. மெதுவா நிக்கறதுக்கு நேரம் குடுக்கணும்." செட்டிங்கைத் தேடிப் பார்த்தார். கம்பெனி வைத்த நேரம் மிகவும் குறைவாக இருந்தது. கூட்டி வைத்தார். பெரிய கட்டர் நிதானமாகச் சுற்றிக் குறைந்து, சத்தமில்லாமல் நின்றது.

"மாப்பிள்ளை வெச்சிருந்த நேரத்தை நான்தான் அழிச்சேன்" என்றார்.

"அதை என்கிட்ட சொல்லி என்ன பிரயோசனம்? அங்க சொல்லுங்க" என்று போனை எடுத்துக் கையில் கொடுத்தேன்.

அன்று சாயங்காலமே தங்கையும் மாப்பிள்ளையும் வந்தார்கள். இவர் மென்று விழுங்காமல் சொன்னார். "தப்பு என்னோடது மாப்பிள்ளை. மெஷின்ல ஒரு குறையும் இல்ல. மன்னிச்சுக்கோங்க."

"பரவாயில்லை மச்சான்" என்றார் மாப்பிள்ளை. குரலில் கோபம் இல்லை. வாசல் கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குகிற மனுஷர் அவர், யாரையும் ஒரு வார்த்தை சந்தேகமாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் காபி போட எழுந்தேன்.

மாப்பிள்ளை தன் போனை எடுத்தார். டிரைவின் செட்டிங்கை ஒவ்வொன்றாகத் திரையில் வரவழைத்துப் படம் பிடித்தார். மோட்டார் தகட்டைப் பிடித்தார். ஸ்க்ரூக்களைக்கூட விடவில்லை. பிறகு மெஷினை ஓட்டி, நிறுத்தி, அதையும் வீடியோ எடுத்துக்கொண்டு போனை இவர் பக்கம் திருப்பினார்.

"மச்சான், மெஷின் நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. பதிவாகட்டும். நாளைக்கு ஏதாவதுன்னா எனக்கு ஒரு சாட்சி வேணும் இல்லையா?"

இவர் சொன்னார். மாப்பிள்ளை பதிவான பேச்சை ஒரு தடவை ஓட்டிக் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டு, போனைப் பையில் போட்டார்.

கிளம்பும்போது தங்கை செருப்பை மாட்டிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்.

"இவரையும் உன்னை மாதிரியே ஆக்கிட்டியே, அண்ணா."